மருமவனே, மேற்கோளை எவன் செருகுதான்?

கட்டுரை எழுதக் கெளம்பிட்டியாமே மருமவனே, சந்தோசம். மூணு பேராம்லா. மேற்கோள் செருகுற மென்பொருள் ஆளுக்கு ஒண்ணு: நீ ஜொட்டேரோ, உங்க புரொபசர் எண்ட்நோட், அந்தப் பெங்களூருப் பய மெண்டலி. பொருத்தம் பாக்காம பாக்குகூட மாத்தாத குடும்பத்துல பொறந்த பய நீ. வேர்டு ஃபைலை அனுப்பும் முன்னால, "ஐயா, நீங்க எதுல மேற்கோள் செருகுவீங்க"ன்னு ஒரு வார்த்தை கேக்கத் தோணலை பாரு.

புரொபசர் ஃபார்மட் பண்ணாம அனுப்புன ஃபைலைத் திறந்தியா? நெளி அடைப்புக்குள்ள ஒரு பேரு, ஒரு வருசம், ஒரு ஹாஷ் குறி, ஒரு நம்பர் கெடக்கும். அந்த நம்பர் அவரு லைப்ரரியில அந்தக் குறிப்புக்கு விழுந்த எண். இன்னொருத்தர் லைப்ரரியில அதே புத்தகத்துக்கு நம்பர் வேற. உன் ஜொட்டேரோவுக்கோ அது வெறும் எழுத்து, சீண்டாது. நீ செருகுனதை அவரு எண்ட்நோட்டும் சீண்டாது. கடைசியில ஒரே கட்டுரைக்கு ரெண்டு துணைநூல் பட்டியல். ரிவ்யூவர் கண்ணுல படட்டும், நம்ம ஊரு பேரு வெளங்கிரும்.

"ஆர்ஐஎஸ் கோப்பா அனுப்பிட்டேனே மாமா"ம்ப. நல்லது, அனுப்பு. ஏயூன்னு தொடங்குற வரியில ஆசிரியர், பிஒய்ல வருசம், ஈஆர் வந்தா குறிப்பு முடிஞ்சுது. ஆனா அதுல லைப்ரரிதான் போகும். வேர்டுக்குள்ள செருகி வச்சது இருந்த எடத்துலயேதான் இருக்கும். இது தெரியாம டாக்டர் பட்டம் வாங்குனவங்கள்லாம் திரியுதாங்க, போகட்டும்.

பிப்டெக்ஸ்னு இன்னொரு கோப்பு வடிவம் உண்டு, அந்தப் பய குசும்பு தனி. காற்புள்ளி போடாம "ரங்கநாதன் எஸ் ஆர்"னு அடிச்சா, கடைசியில நிக்கிற "ஆர்"தான் குடும்பப் பேருன்னு எடுத்துக்கும். 1931-ல நூலகத்துக்கு அஞ்சு விதி எழுதுன சீர்காழி மனுசனை, உன் பட்டியல்ல அடையாளம் தெரியாம ஆக்கிப்புடுவ. ரங்கநாதன்னு எழுதி ஒரு காற்புள்ளி, பெறகு இனிஷியல். இதுக்கு என்னத்துக்குப் பட்டம்?

சொல்லுதேன் கேளு. செருகுறது ஒருத்தன்தான். அது நீயா இரு. சின்னவன் தலையிலதான் எப்படியும் விடியும். மத்த ரெண்டு பேரும் வேணுங்கிற எடத்துல டிஓஐ எண்ணை மட்டும் எழுதி மஞ்சள் அடிக்கட்டும். 10-ன்னு தொடங்குற அந்த எண்ணை, ஜொட்டேரோவுல மந்திரக்கோல் படம் போட்ட பொத்தானை அமுக்கிப் போடு. ஆசிரியர், தலைப்பு, பக்கம்னு பெரும்பாலும் தானா வந்து உக்காரும். ஒரு தடவை சரிபாத்துக்கோ. புரொபசர் ஜொட்டேரோவுக்கு மசிஞ்சா மூணு பேருக்குமா ஒரு குரூப் லைப்ரரி போட்டு அதுலருந்தே செருகலாம். மசிய மாட்டாரு. "நான் எத்தனையோ வருசமா..."ன்னு ஆரம்பிப்பாரு, நீ தலையாட்டு.

பத்திரிகைக்கு அனுப்புற அன்னைக்கு "அன்லிங்க் சைட்டேஷன்ஸ்" அமுக்குவ, செருகுனதெல்லாம் வெறும் எழுத்தாயிரும். அதுக்கு முன்னால ஒரு நகல் எடுத்து வச்சுக்கோ. வைக்கலைன்னாலும் குத்தமில்லை, திருத்தம் கேட்டு வரும்போது ஒவ்வொண்ணா மறுபடி செருகிட்டு இரு, உனக்கு வேற என்ன சோலி.

புரொபசர்கிட்ட நீயே பேசிக்கோ. நான் பேசுனா, "சும்மா கெடைக்கிறதை விட்டுட்டு எண்ட்நோட்டுக்கு எவ்வளவு அழுதீங்க சார்"னு வாயைக் கெடுத்துருவேன்.