உட்கார்ந்தால் 97, நடந்தால்?

கேள்வி: அப்பாவுக்கு ஆக்சிமீட்டரில் 97 காட்டுகிறது. பத்துப் படி ஏறினால் மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்குகிறார். 'வயசாச்சுல்ல' என்கிறார். சரிதானா?

பதில்: உட்கார வைத்துப் பார்த்திருப்பீர்கள், நடக்க வைத்துப் பாருங்கள். மருத்துவமனைகளில் ஆறு நிமிட நடைச் சோதனை செய்வது இதற்குத்தான். நடந்ததும் நாலு புள்ளியோ அதற்கு மேலோ இறங்கினால், வயதின் மீது பழி போடாமல் நுரையீரல் மருத்துவரிடம் காட்டுங்கள். இறங்காவிட்டாலும் இதயத்தையும் ரத்தசோகையையும் சோதிப்பது அவசியம்.

கேள்வி: நடந்தால் மட்டும் ஏன் இறங்குகிறது?

பதில்: நேரம் போதவில்லை. நுரையீரலின் காற்றறைக்கும் ரத்தத்துக்கும் நடுவே இருப்பது ஒரு மெல்லிய சவ்வு. பெரும்பாலான இடங்களில் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதைத் தொட்டபடி சிவப்பணு ஓடும் நேரம் முக்கால் நொடி. ஆக்சிஜன் ஏற கால் நொடி போதும். சவ்வு தழும்பேறித் தடித்தால் ஆக்சிஜன் மெதுவாக ஏறும்; ஓய்வில் மிச்ச அரை நொடி அதைச் சமாளித்துவிடும். படியேறும்போது ரத்தம் வேகமெடுக்கிறது, அந்த மிச்சம் கரைகிறது.

கேள்வி: கார்பன் டைஆக்சைடும் உள்ளேயே தேங்கிவிடுமே?

பதில்: சீக்கிரம் தேங்காது. அது ஆக்சிஜனைவிடச் சுமார் 20 மடங்கு எளிதாகச் சவ்வைக் கடக்கும். முதல் அடி ஆக்சிஜனுக்குத்தான்.

கேள்வி: சவ்வு எப்படி வேலை செய்கிறது என்று அளக்க முடியுமா?

பதில்: முடியும். 1915-லேயே டென்மார்க்கின் மரீ க்ரோக் வழி காட்டினார். துளியளவு கார்பன் மோனாக்சைடு கலந்த காற்றை இழுத்து, பத்து நொடி அடக்கி, ஊதச் சொல்வார்கள். வாயு குறைவாகத் திரும்பினால் சவ்வு நன்றாகக் கடத்துகிறது என்று அர்த்தம். அந்த அளவு உடம்புக்குக் கெடுதல் செய்யாது, பயப்படாதீர்கள்.

கேள்வி: சவ்வைக் கெடுப்பவை எவை?

பதில்: கல் தூசு, புறா எச்சத்தின் தூசு, சில மருந்துகள் எல்லாம் தழும்பை உண்டாக்கக்கூடியவை. சிகரெட் காற்றறைச் சுவர்களையே அழித்து, சுமார் 70 சதுர மீட்டர் பரப்பைச் சுருக்கும்.

கேள்வி: தழும்பு ஆறுமா?

பதில்: கல் தூசுத் தழும்பு ஆறாது. அதனால்தான் சொல்கிறேன்: கல் அறுக்கும் இடத்தில் தண்ணீர் பாய்ச்சித் தூசை அடக்குவது முதலாளியின் கடமை. கூலிக்கு வந்தவரிடம் துண்டைக் கட்டிக்கொள்ளச் சொல்வது பாதுகாப்பு ஆகாது. நுண்தூசு துணிக்குள் புகுந்துவிடும்.