க்ளோவைக் கூட்டு தம்பி

எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஜூஸ் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் நடுவில் ஒரு கண்ணாடிக் கதவு இருக்கிறது. தள்ளினால் முதலில் ஏசி குளிர் முகத்தில் அடிக்கும். பின்னாலேயே சால்வென்ட் மை வாடை மூக்கில் ஏறும். ஊரில் யாருக்குக் காது குத்தினாலும், யார் வீட்டில் பெண் பெரியவளானாலும், யார் போய்ச் சேர்ந்தாலும் அந்த வாடையை ஒருமுறை முகர்ந்துவிட்டுத்தான் அடுத்த காரியம். உள்ளே கம்ப்யூட்டருக்கு முன்னால் முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பவர்தான் ஃப்ளெக்ஸ் டிசைனர். அவர் முகத்தைப் பார்த்தவர்கள் ஊரில் குறைவு. வருகிறவர்கள் எல்லோரும் அவர் தோளுக்கு மேலாக எட்டித் தங்கள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

வயது முப்பதுக்கும் நாற்பதுக்கும் இடையில் எங்கேயோ இருக்கும். பெரியவர்களுக்கு அவர் ‘தம்பி’, ரசிகர் மன்றப் பையன்களுக்கு ‘ப்ரோ’, கடை முதலாளிக்கு ‘ஏய்’. வலது கை மவுஸில். இடது கையில் பாதி டீ, மீதி கன்ட்ரோல் எஸ். கரன்ட் போகிற ஊரில் வளர்ந்தவர் என்பதால் மூச்சு விடுவதுபோல சேவ் பண்ணுவார். மனைவிக்கு வாட்ஸப்பில் பதில் தட்டும்போதுகூட இடது சுண்டுவிரல் அந்தரத்தில் ஒருமுறை துடிக்கும்.

காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டு ஃபோட்டோஷாப்பைத் திறப்பார். திறக்கும் நேரத்தில் திரையில் அதை உருவாக்கியவர்களின் பெயர்கள் வரும். அதில் சீதாராமன் நாராயணன் என்ற பெயரை உலகம் முழுக்க டிசைனர்கள் பார்த்துப் பார்த்து மனப்பாடமாக வைத்திருக்கிறார்கள். நம் தம்பிக்கு அதில் தனிப் பெருமை. “பாத்தீங்களாண்ணே, நம்ம பக்கத்துப் பேரு” என்பார், சொந்தச் சித்தப்பா மாதிரி. அந்த மென்பொருளைத் தொடங்கிய நோல் சகோதரர்களில் ஜான் என்பவர் சினிமா தந்திரக் காட்சிக்காரர். 1990-இல் முதல் பதிப்பு வெளியானது. பிற்பாடு ஸ்டார் வார்ஸ் படங்களுக்கு அவர் வேலை செய்து, ஒளிவாள்களை விண்வெளியில் மின்ன வைத்தார். அதே வெளிச்சத்தைத் தம்பி ‘மஞ்சள் நீராட்டு விழா’ என்ற எழுத்துக்கு வைக்கிறார். இருவரில் யாருக்கு வாடிக்கையாளர் தொல்லை அதிகம் என்று எனக்குச் சந்தேகமே இல்லை.

தம்பியின் தொழில் ரகசியம் ஒரு சின்னப் பெட்டிக்குள் இருக்கிறது. எழுத்து இருக்கிற லேயரில் இரண்டு தட்டு தட்டினால் திறந்துகொள்ளும். எழுத்துக்குக் கரை கட்டும் ஸ்ட்ரோக், பெவல், டிராப் ஷேடோ, சுற்றிலும் ஒளி பூசும் அவுட்டர் க்ளோ என்று வரிசையாக இருக்கும். பந்தியில் எதையும் வேண்டாம் என்று சொல்லத் தெரியாத மாப்பிள்ளைத் தோழன் போல அவர் மேலிருந்து கீழ்வரை டிக் அடித்துக்கொண்டே வருவார். 1998-இல் வந்த ஐந்தாம் பதிப்புக்கு முன் இந்தச் சுகம் கிடையாது. எழுத்தை நகலெடுத்து, நகலை காஸியன் பிளரில் கரைத்து, மஞ்சள் பூசி, அசலுக்கு அடியில் தள்ளியாக வேண்டும். காஸ் என்ற ஜெர்மானியக் கணித மேதையின் பெயர் தாங்கிய வளைகோடு, பரமக்குடிப் பக்கத்துக் காதணி விழா வரைக்கும் வந்துசேர்ந்த கதை அது. பிறகு பெட்டி வந்தது, எல்லாம் ஒரு டிக்கில் முடிந்தது. 2015 பதிப்பில் ஓர் எழுத்துக்குப் பத்து ஸ்ட்ரோக் வரை போடலாம் என்று கதவை அகலத் திறந்துவிட்டார்கள். ஆனால் அவுட்டர் க்ளோவை மட்டும் ஒன்றுக்கு மேல் போட விடவில்லை. கலிபோர்னியாவில் யாருக்கோ பயம் வந்திருக்க வேண்டும். தம்பி அசரவில்லை. லேயரையே மூன்று நகல் எடுத்து, மூன்றிலும் க்ளோ வைத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டார்.

ஃப்ளெக்ஸுக்கு முன்னால் சுவரிலும் தகரத்திலும் எழுதிய ஆர்ட்டிஸ்டுகளை நினைத்துப் பார்க்கிறேன். எழுத்துக்கு ஒரு பக்கம் கறுப்பு ஷேடு, எதிர்ப்பக்கம் பூனைமீசை மாதிரி ஒரு வெள்ளைக் கீற்று. அவ்வளவுதான், எழுத்து சுவரை விட்டு எழுந்து நிற்கும். அவர்கள் ரசனை உயர்ந்தது என்று எல்லோரும் உருகுகிறார்கள். எனக்கென்னவோ எனாமல் டப்பாவின் விலைதான் அவர்கள் கையை அடக்கியது என்று தோன்றுகிறது. க்ளோவுக்குக் காசில்லை. காசில்லாத பொருளை அளவோடு கேட்ட மனிதனை நான் இதுவரை பார்த்ததில்லை.

இங்கேதான் தம்பியின் சங்கடம் தொடங்குகிறது. அவுட்டர் க்ளோ என்பது, நாமாக மாற்றாதவரை, ஸ்க்ரீன் என்ற முறையில் வேலை செய்கிறது. அடியில் இருக்கும் நிறத்தை வெளுப்பாக்க மட்டும்தான் அதற்குத் தெரியும். அடியில் கருநீலம் இருந்தால் ஜம்மென்று எரியும், வெள்ளை இருந்தால் அதற்கு அங்கே ஜோலியே இல்லை. ஆக, எழுத்து ஜொலிக்க வேண்டுமானால் அதைச் சுற்றி இருட்டு வேண்டும். வேறு எதுவும் இல்லாத, சும்மா கிடக்கிற இருட்டு. ஆனால் ஃப்ளெக்ஸுக்குக் காசு சதுர அடிக் கணக்கில். சதுர அடிக்குக் காசு கொடுத்தவன் ஒரு சதுர அடியையும் சும்மா கிடக்க விடமாட்டான். வெறும் நிலத்தைப் பார்த்தால் நம் ஆளுக்குக் கை அரிக்கும். ஒரு முருங்கைக் குச்சியாவது நட்டாக வேண்டும்.

என் தாய்மாமாவின் மணிவிழாவுக்கு பேனர் அடிக்கப் போனபோது இதைக் கண்ணால் பார்த்தேன். பத்துக்கு ஆறு. அறுபது வயதுக்கு அறுபது சதுர அடி என்று மாமாவே கணக்குப் போட்டு வைத்திருந்தார்.

“தம்பி, எம் பேரு தகதகன்னு இருக்கணும்.”

“இருக்கும் அண்ணாச்சி. ஒக்காருங்க.”

அரை மணி நேரத்தில் தம்பி ஒரு டிசைன் போட்டார். அடர்ந்த கருநீலம். நடுவில் பொன்னிறத்தில் மாமாவின் பெயர். சுற்றிலும் குண்டு பல்பின் வெளிர்மஞ்சளில் ஒரு மெல்லிய ஒளி. ஓரத்தில் மாமாவும் அத்தையும் மட்டும். ராத்திரி மொட்டைமாடியில் நின்று தூரத்துத் திருவிழாவைப் பார்ப்பது போலிருந்தது. நான் வாயைத் திறந்து பாராட்டுவதற்குள் மாமா திறந்துவிட்டார்.

“என்ன தம்பி, எழவு வீடு மாதிரி இருட்டாக் கெடக்கு?”

“அண்ணாச்சி, இருட்டு இருந்தாத்தான் க்ளோ எடுத்துக் குடுக்கும்.”

“இவ்வளவு எடம் சும்மா கெடக்கே. இதுக்கும் சேத்துத்தான காசு வாங்குத?”

தம்பியிடம் பதில் இல்லை. யாரிடம்தான் இருக்கும்? வலது மூலையில் மச்சான் ஏறினார். மச்சான் ஏறினால் சகலை சும்மா இருப்பாரா? இடது மூலை அவருக்கு. மருமகன் இல்லாவிட்டால் மகள் முகத்தில் எப்படி விழிப்பது? கைகூப்பியபடி மருமகன். அறுபதாம் கல்யாணம் என்றாலே திருக்கடையூர், ஆகவே கோபுரம். கோபுரம் வந்தால் அபிராமி அம்மன். கீழே ‘இவண்’ என்று போட்டு, தீப்பெட்டிப் படம்போலப் பேரன் பேத்திகள் வரிசை. பதினான்கு முகம் ஆனதும் கருநீலம் துக்கமாகத் தெரிகிறது என்று அத்தை ஃபோனில் சொல்ல, வெண்மேகமும் தாமரைக் குளமும் இரண்டு மயில்களும் வந்தன. மாமாவின் பெயர் மேகத்தில் கரைந்து எங்கேயோ போய்விட்டது.

“பேரு எடுப்பாவே இல்லையே. க்ளோவைக் கூட்டு தம்பி.”

கூட்டினார். நூறு சதவீதம் வரை இழுத்தார். வெள்ளை மேகத்தில் வெளிர்மஞ்சள் க்ளோ, பாலில் போட்ட சுண்ணாம்பு மாதிரி இருந்தது. “இன்னும்” என்றார் மாமா. இந்த இடத்தில் தம்பி பெருமூச்சு விட்டதை நான் கேட்டேன். பிறகு சிவப்பில் ஒரு ஸ்ட்ரோக், வெளியே வெள்ளையில் ஒன்று, அதற்கும் வெளியே கறுப்பில் ஒன்று. மூன்று பாய் விரித்துப் படுத்த மாதிரி பெயர் தடித்துப் படுத்துக்கொண்டது. மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். “இப்பத்தான் தம்பி க்ளோ வந்திருக்கு.”

தம்பி எதுவும் திருத்தவில்லை. இருபது வருடமாக இந்த ஊரில் ஸ்ட்ரோக்குக்கும் க்ளோ என்றுதான் பெயர், டிராப் ஷேடோவுக்கும் அதே பெயர்தான். கண்ணீர் அஞ்சலிக்கு வருகிறவர்கள்கூட அதைத்தான் கேட்கிறார்கள். “அப்பா தலைக்குப் பின்னால ஒரு வட்டம் வரும்ல, அது.” போன வாரம்வரை அப்பாவோடு வரப்புத் தகராறில் பேச்சுவார்த்தை இல்லாத மகன். தம்பி ஒரு வார்த்தை கேட்காமல் ஒளிவட்டம் வைப்பார். அதற்கும் அவர் கூடுதல் காசு வாங்கியதில்லை.

எழுத்து விஷயம் தனி. வாட்ஸப்பில் வாடிக்கையாளர் அனுப்புவது யூனிகோட் தமிழ். தம்பியிடம் இருக்கும் அழகழகான எழுத்துருக்கள் எல்லாம் அதற்கு முந்தைய காலத்தவை. ஒட்டினால் கட்டம் கட்டமாக வரும், இல்லையென்றால் காக்கா கிறுக்கலாக வரும். சரி, யூனிகோட் எழுத்துருவிலேயே போடலாம் என்றால், தெற்காசிய மொழிகளுக்கான அமைப்பை உள்ளே போய்த் தேர்ந்தெடுக்காத பழைய ஃபோட்டோஷாப்பில் கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாக முறைத்துக்கொண்டு நிற்கும். அதைத் தேடிக் கண்டுபிடிக்கத் தம்பிக்கு நேரமில்லை. முழுவதையும் திரும்பத் தட்டிவிடுவார். தட்டும்போது தமிழ் சற்றுத் தாராளமாக வந்துவிடும். ஒற்று விட்டுப்போனால்தானே குற்றம், கூடுதலாகப் போட்டால் மரியாதைதானே என்பது அவர் கட்சி.

சரிபார்க்க டிசைனைக் குடும்ப வாட்ஸப் குழுவில் போட்டோம். பதினான்கு பேரும் பார்த்தார்கள். பதினான்கு பேரும் அவரவர் முகத்தைப் பார்த்தார்கள். அத்தை மட்டும் “எம் மூக்குத்தி தெரியலையே” என்று எழுதினார். தம்பி உடனே ஸ்டார் பிரஷ்ஷை எடுத்து மூக்கில் ஒரு சொட்டு வைத்தார். கலங்கரை விளக்கம் மாதிரி ஆகிவிட்டது. அத்தைக்குப் பரம திருப்தி.

பிரிண்ட் ஆகி வந்தபோது இன்னொரு சண்டை. திரை என்பது தானே வெளிச்சம் தருவது. ஃப்ளெக்ஸ் என்பது மேலே விழும் வெளிச்சத்தைத் திருப்பித் தருவது. நாலு மையைக் கலந்து எந்த மெஷினும் திரையின் பளபளப்பை அப்படியே தந்துவிடாது. இதையெல்லாம் மாமாவிடம் விளக்க முடியுமா?

“கம்ப்யூட்டர்ல பாத்த மாதிரி இல்லையே தம்பி. டல்லடிக்குதே.”

“காஞ்சா ஏறும் அண்ணாச்சி.”

ஃப்ளெக்ஸ் தொழிலின் மூல மந்திரம் இந்த மூன்று சொற்கள்தான். எதுவும் ஏறாது. ஆனால் காய்வதற்குள் விழா முடிந்துவிடும்.

விழா அன்று காலை மண்டப வாசலில் பேனரைக் கட்டினோம். முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற தமிழாசிரியர். செருப்பைக் கழற்றாமல் பேனருக்கு முன்னால் நின்றார். ஒரு நிமிடம், இரண்டு நிமிடம். பிறகு என்னைக் கூப்பிட்டு விரலை நீட்டினார். ‘அனைவரையும் வருக வருக என வரவேற்க்கிறோம்.’ அந்தக் கூடுதல் ‘க்’, ஒரு முழம் உயரத்தில், மூன்று ஸ்ட்ரோக்கோடும் க்ளோவோடும் எல்லோரையும் வரவேற்றுக்கொண்டிருந்தது.

ஃபோன் போட்டேன். “அண்ணே, நீங்க மெசேஜ்ல அனுப்புனதத்தான் அடிச்சேன்” என்றார் தம்பி. பார்த்தேன், மெசேஜில் சரியாகத்தான் இருந்தது. ஆனால் பத்தே நிமிடத்தில் ஒரு பையன் சைக்கிளில் வந்து, மேகத்தின் நிறத்திலேயே ஒரு ஸ்டிக்கரை அந்த ‘க்’ மேல் ஒட்டிவிட்டுப் போனான். காசு வாங்கவில்லை. எழுத்து மறைந்தது, அது இருந்த இடம் மறையவில்லை. ‘வரவேற்’ ஒரு கரையிலும் ‘கிறோம்’ மறுகரையிலும் நின்றன. ஆசிரியர் சாப்பிட்டுவிட்டுப் போகும்போதும் ஒருமுறை அதைப் பார்த்துவிட்டுத்தான் போனார்.

இப்போது தம்பிக்கு ஃப்ளெக்ஸ் வேலை கொஞ்சம் குறைவு. 2019-இல் சென்னையில் பேனர் விழுந்து ஓர் உயிர் போனது, சிரிக்கிற விஷயமல்ல. அதற்குப் பிறகு “பர்மிஷன் இருக்காண்ணே?” என்று கேட்டுவிட்டுத்தான் பெரிய சைஸ் எடுக்கிறார். அதற்குப் பதிலாக வாட்ஸப் ஸ்டேட்டஸுக்குப் பிறந்தநாள் படங்கள் செய்கிறார். மை இல்லை, மெஷின் இல்லை, சதுர அடி இல்லை. கைப்பேசித் திரை தானே வெளிச்சம் தருவதால் போட்ட க்ளோ போட்டபடி எரிகிறது. ஆனால் அங்கேயும் பதினான்கு முகம் கேட்கிறார்கள்.

மாமாவின் பேனர் வீணாகவில்லை. தார்ப்பாய் விற்கிற விலைக்கு யார் தூக்கிப் போடுவார்கள்? மாட்டுக்கொட்டகைக் கூரையில் விரித்தாயிற்று. அச்சடித்த பக்கம் கீழே இருக்கட்டும், சாயம் போகாது என்றேன். “எம் மூஞ்சியப் பாத்துக்கிட்டே மாடு தீனி திங்கவா?” என்று கேட்டு மேல்பக்கமாக விரிக்கச் சொல்லிவிட்டார். வெயிலில் மஞ்சள் மையும் சிவப்பு மையும் முதலில் பறந்தன. நீலம் மிஞ்சியது. மாமா, மச்சான், சகலை, மருமகன் எல்லோரும் பாகுபாடில்லாமல் கண்ணபிரான் நிறத்துக்கு வந்துவிட்டார்கள். அத்தையின் மூக்குத்தி அணைந்தே போயிற்று. மூன்று ஸ்ட்ரோக் போட்ட மாமாவின் பெயரைத் தடவித்தான் படிக்கவேண்டும்.

போன மழையில் ஸ்டிக்கர் உரிந்துவிட்டது. வருடம் முழுக்க வெயில் படாத அந்த ‘க்’ மட்டும், தம்பி வைத்த சிவப்பும் க்ளோவும் ஒரு பொட்டும் குறையாமல், கூரையில் தகதகவென்று இருக்கிறது.