நடுப்புத்தகம் செய்த பாவம்

கேள்வி: மூன்று பாகக் கற்பனைக் கதைகளில் நடுப்பாகத்தை மட்டும் வாசகர்கள் திட்டித் தீர்ப்பது ஏன்?
(வாசகர், முத்தையாபுரம்)

பதில்: உப்பளத்து ஊர்க்காரர் கேட்கிற கேள்வியா இது! பாத்திக்குப் போகிற நீரைப் பாதி வழியில் மறித்து, 'உப்பு எங்கே?' என்றால் எப்படி? டோல்கீனுக்கு 'லார்ட் ஆஃப் த ரிங்ஸ்' ஒரே நாவல்தான். போருக்குப் பிந்தைய காகித விலை அதை மூன்றாக வெட்டியது. 1954 நவம்பரில் வந்த இரண்டாம் பாகம், கதாநாயகன் ஃப்ரோடோவை எதிரிகளிடம் பிடித்துக் கொடுத்துவிட்டு முற்றும் போட்டது. அடுத்த பாகம் 1955 அக்டோபரில். பதினோரு மாதம்! மனிதர் பின்னிணைப்பு எழுதிக்கொண்டிருந்தார். போதாக்குறைக்கு அந்த இரண்டாம் பாகத்துக்கு 'இரண்டு கோபுரங்கள்' என்று தலைப்பு. எந்த இரண்டு என்பதில் அவருக்கே தடுமாற்றம்.

நம் கல்கி மட்டும் சளைத்தவரா? 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களில் நடுப்பாகத்துக்குக் 'கொலை வாள்' என்று பெயர் வைத்தார். கொலை அந்தப் பாகத்தில் இல்லை! ஆனால் அவர் எழுதியது வாரத் தொடர். திட்டுவதற்கு வாசகருக்குக் கிடைத்தது ஏழே நாள்.