சுவர்க்கோழிக்கு முருங்கைக்கீரை

கேள்வி: தவளை, பல்லி என்றால் எனக்கு உயிர். அவற்றுக்குத் தீனியாகச் சுவர்க்கோழிப் பூச்சி வளர்த்து விற்கலாமா? (வாசகர், மண்ணாடிப்பட்டு)

பதில்: விற்கலாம், வாங்குபவர் யாரென்று பார்த்து. உடும்பு, நட்சத்திர ஆமை வளர்ப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அப்படிப்பட்ட வாடிக்கையாளர் வந்தால் காசோடு வழக்கும் வரும். கோழி, மீன் வளர்ப்போரை நம்புங்கள். சுவர்க்கோழியில் கால்சியம் குறைவு, பாஸ்பரஸ் அதிகம். அதனால் விற்கும் முன் முருங்கைக்கீரை போட்டு, கால்சியம் பொடியும் தூவிக் கொடுங்கள். பல்லியின் எலும்பு உங்களை வாழ்த்தும். ஊர்த் தவளைக்குக் கடை தேவையில்லை, வயலே பந்தி. தவளைக்கால் ஏற்றுமதியை இந்தியா 1987-இல் நிறுத்தியதே, தவளை குறைந்தால் வயலில் பூச்சி பெருகும் என்ற கவலையாலும்தான். அந்தப் பந்தியில் விஷம் கலக்காமல் இருக்க, வாய்க்கால் ஓரத்தில் மட்டுமாவது மருந்தடிக்காதீர்கள்.