உப்புக் காற்றில் ஒரு கண்ணாடி

கேள்வி: என்னிடம் பழைய மஸ்தா எம்எக்ஸ்-5 இருக்கிறது. சைட் மிரர் இரண்டிலும் பெயின்ட் உரிந்துவிட்டது. பழைய ஜோடி ஒன்று கிடைத்திருக்கிறது. பெயின்ட் அடித்துப் பூட்டலாமா?
– வாசகர், எத்தாளை

பதில்: தாராளமாகப் பூட்டலாம், தம்பி. 1989இல் வெளிவந்த வம்சம் அது. பின்னால் திரும்பிப் பார்க்க நிறையவே இருக்கும்! ஆனால் அவசரம் வேண்டாம். ஒரு பக்கம் புத்தளம் களப்பு, மறுபக்கம் கடல். உங்கள் ஊர்க் காற்று வெறுங்கையோடு வராது, உப்போடுதான் வரும்.

முதலில் நல்ல தண்ணீரில் கழுவிக் காயவையுங்கள். பழைய பெயின்ட் விளிம்பை நகத்தால் சுரண்டுங்கள். செதிலாக எழும்பினால் முழுவதையும் தேய்த்தே ஆக வேண்டும். பிளாஸ்டிக் ஓட்டுக்கு அதற்கென்றே உள்ள பிரைமர் அடிக்காவிட்டால் நிறம் ஒட்டாது. நிறத்தையும் கிளியர் கோட்டையும் மெல்லிசாகப் பல தடவை அடியுங்கள். தடிப்பாக அடித்தால் வழியும்.

துரு தொடங்கும் இடம் கதவில் ஆணி இறங்கும் துளை. அங்கே துருவைச் சுரண்டி, பெயின்ட் தொட்டு, கிரீஸ் தடவி, புது ரப்பர் வைத்துப் பூட்டுங்கள்.

ஜப்பானிலும் நம்மைப்போல் இடப்பக்கம்தான் ஓட்டுகிறார்கள். அங்கிருந்து வந்த ஜோடி பொருந்தும். அமெரிக்க ஜோடியில் ஓட்டுநர் பக்கத்துத் தட்டைக் கண்ணாடி இடப்பக்கம் இருக்கும், நமக்கு அது வலப்பக்கம் வேண்டும். வாங்குமுன் எந்த நாட்டு ஜோடி என்று கேட்டுவிடுங்கள்.