அமெரிக்காவில் இன்னும் அணாதான்

கொலம்பஸ், ஒஹாயோ

அன்புள்ள தாத்தாவுக்கு,

இந்த முறை குளிரைப் பற்றிப் புலம்பப் போவதில்லை. அதற்காக வாங்கிக் குவித்த கோட்டுகளைப் பற்றித்தான். வீட்டில் நாலு பேர், பதினோரு கோட்டு, எல்லாம் சோபாமேல். “ஆசாரி வீட்டுப் பேரன், ஒரு கொக்கிப் பலகை அடிக்க மாட்டீங்களா?” என்று உங்க பேரன் பொண்டாட்டி கேட்டுவிட்டாள். குலப்பெருமை ஆயிற்றே, இறங்கிவிட்டேன்.

பலகை நாற்பத்தைந்தரை இஞ்சு. ஏழு கொக்கி, அதனால் எட்டு இடைவெளி. போனில் வகுத்தேன்: 5.6875. டேப்பை நீட்டினால் அதில் புள்ளியையே காணோம்! இஞ்சுக்குப் பதினாறு கோடு, அவ்வளவுதான். .6875 என்றால் ஏறக்குறைய ஏழு என்று, ஐந்து இஞ்சுக்கு மேல் ஏழாவது கோட்டில் பென்சில் வைத்தேன். நீங்க இருந்தால் முழக்கோலாலேயே மண்டையில் போட்டிருப்பீங்க. ஒவ்வொரு கொக்கிக்கும் கால் இஞ்சு குறைந்து, கடைசியில் மிஞ்சிய இடம் ஏழரை இஞ்சுக்கு ஒரு கோடு கம்மி. சனி எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று அப்போதுதான் தெரிந்தது.

ராத்திரி பதினொரு மணிக்கு, பலகையும் நானும் முகத்தை முகம் பார்த்துக்கொண்டிருந்தபோது உங்க பழைய சண்டை ஞாபகம் வந்தது. 1957-ல் நயா பைசா வந்தபோது, ஓர் அணாவுக்கு ஆறேகால் பைசா வர வேண்டியதை ஆறாக்கிக் கால் பைசாவை விழுங்கிவிட்டார்கள் என்று இன்றைக்கும் திட்டுவீங்களே, அதேதான். பதினாறணா ஒரு ரூபாய், பதினாறு கோடு ஓர் இஞ்சு! அப்போ .6875 இஞ்சு என்பது அறுபத்தெட்டே முக்கால் பைசா. எட்டணாவுக்கு ஐம்பது போனால் மீதி பதினெட்டே முக்கால், அது மூணணா. ஆகப் பதினோரணா, பதினோராவது கோடு. உங்க கணக்கில் ஐந்து இஞ்சு, ஐந்தரை நூல். பதினாறால் பெருக்கினாலும் இதே பதினொன்றுதான் வரும் என்று பிறகு புரிந்தது. ஆனால் அணா வழியில் வந்த சந்தோஷம் அதில் இல்லை.

சந்திரனுக்கு ஆள் அனுப்பிய ஊர் தாத்தா இது. ஸ்பேனர் பெட்டியைத் திறந்தால் 5/8, 11/16, 3/4. எது பெரிசு என்று யோசிப்பதற்குள் போல்ட் துருப்பிடித்துவிடும். நியூயார்க் பங்குச் சந்தையே 2001 வரைக்கும் டாலரைப் பின்னத்தில்தான் விலை பேசியது. பெட்ரோல் பங்கில் சென்ட்டுக்கு மேல் எறும்பளவில் 9/10 என்று இன்றைக்கும் போட்டிருக்கிறான். அந்த மீதிப் பத்தில் ஒரு சென்ட்டை யாரிடம் வாங்குவது? உங்க கால் பைசா கதைதான்.

கொக்கி மாட்டியாயிற்று. பழைய ஓட்டைகளைக் கோட்டுகள் மறைத்துக்கொள்கின்றன, படம் கேட்காதீங்க.

உங்க கொள்ளுப்பேத்திக்கும் பள்ளிக்கூடத்தில் இப்போ இதே பாடம். 5/8-ஐ .625 என்று டக்கென்று போட்டுவிட்டாள். 1/3 வந்ததும் .3333 என்று அனுமார் வாலாக நீட்டிக்கொண்டே போய், நோட்டின் ஓரத்தில் முட்டி நின்றாள். கீழே இருக்கும் எண் இரண்டும் ஐந்தும் மட்டும் பெருக்கி வந்ததானால் புள்ளிக்கணக்கு முடியும், சுருக்கிய பிறகும் மூணு ஒட்டிக்கொண்டிருந்தால் முடியவே முடியாது என்று சொன்னேன். “அப்போ மூணு பேர் ஒரு ரூபாயைப் பிரிக்கவே முடியாதா?” என்றாள். உங்க காலத்தில் முடிந்தது, ஆளுக்கு ஐந்தணா நாலு தம்படி, ஒரு பொட்டு மிச்சமில்லை என்றேன். நான் கதை விடுகிறேன் என்கிறாள். தம்படியைக் கண்ணால் பார்த்தால்தான் நம்புவாளாம்.

உங்க உளிப்பெட்டி அடியில் ஒன்று கிடக்குமே, மே மாதம் அம்மா வரும்போது கொடுத்துவிடுங்க. கூடவே நார்த்தங்காய் ஊறுகாய், கால் கிலோ. அரைக் கிலோவானாலும் சரி.

இப்படிக்கு,
உங்கள் பேரன்