முள் படுத்தும் பாடு

கேள்வி: செல்போனில் சும்மா கிடைக்கும் பாட்டுக்காக என் கணவர் பழைய எல்.பி. இசைத்தட்டுகளாக வாங்கிக் குவிக்கிறார். அதில்தான் ஒலி உசத்தியாம். உண்மையா?
– ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: அளவுகருவியைக் கூண்டில் ஏற்றினால் சி.டி. பக்கம்தான் சாட்சி சொல்லும். இரைச்சல் குறைவு, மெல்லிய ஒலிக்கும் உரத்த ஒலிக்கும் நடுவே இடமும் அதிகம். உங்கள் கணவரை ஏற்றினால் ‘கதகதப்பு’ என்பார். பொய்யில்லை. வால்வு ஆம்ப்ளிஃபையராக இருந்தால் கையைச் சுடவே செய்யும்.

இதில் ஒரு வேடிக்கை. 1948-ல் கொலம்பியா கொண்டுவந்த எல்.பி. நிமிடத்துக்கு 33⅓ சுற்று. முதலிலிருந்து முடிவுவரை அதே வேகம். தட்டின் ஓரத்தில் முள்ளுக்கடியில் நொடிக்குச் சுமார் அரை மீட்டர் பள்ளம் ஓடுகிறது. நடுவை நெருங்கும்போது அதில் பாதிகூட இல்லை. அதே ஒலியை அந்தக் குறுகிய நீளத்துக்குள் பண்டிகைக்கால பஸ் மாதிரி அடைத்தாக வேண்டும். அதனால்தான் கடைசிப் பாட்டில் ‘ஸ’வும் ‘ஷ’வும் கொஞ்சம் கரகரக்கும். அதைச் சரிசெய்யத்தான் புது முள், கோணம் பார்க்கும் அட்டை, முள் அழுத்தும் எடையைக் கிராம் கணக்கில் நிறுக்கக் குட்டித் தராசு என்று செலவு வளர்கிறது. பாட்டு கேட்பது இதற்கெல்லாம் இடையில் நேரம் கிடைத்தால்தான்.

ஒரு லாபம் உண்டு. ஒரு பக்கம் ஏறக்குறைய 20 நிமிடம்தான். தட்டைத் திருப்பிப் போட மனிதர் எழுந்தே தீர வேண்டும். டாக்டர் சொல்லியும் நடக்காதவர் என்றால், செலவை மருந்துக் கணக்கில் எழுதிவிடுங்கள்.